பொன்னாடை மட்டும் போதாது: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக விருதுகள், புதிதாக வந்தவர்களுக்கு

டர்பனுக்கு வந்த முதல் வருடம் மூன்று சொற்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின: ஹானர்ஸ், கலர்ஸ், கான்வொகேஷன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தன் பேத்திக்கு ஹானர்ஸ் கிடைத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏதோ பெரிய விருது என்று நினைத்து, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போய் வாழ்த்திவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, அது விருது அல்ல, படிப்பு. மூன்று வருட இளங்கலைக்குப் பின் தனியாக ஒரு வருடம் படிப்பது. இங்குள்ள தேசியத் தகுதி வரிசையில் இளங்கலை 7-ஆம் நிலை, ஹானர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. ஊரில் பி.ஏ. முடித்த கையோடு எம்.ஏ. சேர்வது போல இங்கே பொதுவாக முடியாது. நடுவில் இந்தப் படியை ஏறித்தான் ஆக வேண்டும். ஆன்ட்டி சொன்னது, பேத்திக்கு ஹானர்ஸில் இடம் கிடைத்த செய்தியை.

கலர்ஸ் விளையாட்டுக்கு உரியது. பல்கலைக்கழக அணிக்காக நன்றாக ஆடியவருக்கு ஹாஃப் கலர்ஸ், அதையும் தாண்டி ஆடியவருக்கு ஃபுல் கலர்ஸ். வண்ணத்துக்கும் மதிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வழக்கம்.

கான்வொகேஷன்தான் ஆளை நன்றாகக் குழப்பும். ஊரில் அது பட்டமளிப்பு விழா. இங்கே விழாவுக்குப் பெயர் கிராஜுவேஷன். கான்வொகேஷன் என்பது ஓர் அமைப்பு: அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களும் கற்பிப்பவர்களும் சேர்ந்த பேரவை. அதற்குத் தலைவர் உண்டு, கூட்டம் உண்டு. "நான் கான்வொகேஷன் உறுப்பினர்" என்று ஒருவர் சொன்னால் அவர் அங்கே படித்தவர் என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இந்தக் கட்டுரை மூன்று வகை ஆட்களுக்காக. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே படிப்பிக்க வந்தவர்கள். படிக்க வந்தவர்கள். மூன்றாவதாக, கோயில் கமிட்டியிலும் தமிழ்ச் சங்கத்திலும் இருந்துகொண்டு, "எங்கள் ஐயா இவ்வளவு செய்திருக்கிறார், யூனிவர்சிட்டியில் சொல்லி ஒரு டாக்டர் பட்டம் வாங்க முடியாதா தம்பி?" என்று என்னைப் பிடித்துக்கொள்பவர்கள். மூன்றாவது கூட்டம்தான் பெரியது.

அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நாம் ஒருவரை மதிக்க வேண்டுமென்றால் மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பல்கலைக்கழகம் மதிப்பது காகிதத்தின் வழியாக. யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் அங்கே வேலை நகரும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவருக்காக எழுத ஆள் இல்லையென்றால், குழுவின் மேசையில் அவர் பெயரே இருக்காது.

முதல் வேலை: எந்த விருது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. விருதுகளின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வகைகள் ஏறக்குறைய ஒன்றே.

மாணவர்களுக்கு உரியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பகுதிக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மதிப்பெண் தானே வேலை செய்யும். சராசரி பெரும்பாலும் 75-ஐத் தொட்டால் பட்டத்தில் கும் லாடே, அதாவது சிறப்புடன் தேர்ச்சி, என்று எழுதுவார்கள். அதற்கும் மேலே சும்மா கும் லாடே. (என் மாணவன் ஒருவனின் அப்பா, "சும்மாவா கொடுத்தாங்க?" என்று உண்மையாகவே கேட்டார். லத்தீனில் சும்மா என்றால் உச்சம்.) பாடவாரியாகச் சிறந்த மாணவருக்கான பரிசுகளும் தானாகவே வரும். விண்ணப்பிக்க வேண்டியவை உதவித்தொகைகள்: மண்டேலா ரோட்ஸ் போன்றவற்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும், உங்களுக்காகப் பேச ஆட்கள் வேண்டும். ஒரு எச்சரிக்கை: "நீங்கள் சிறந்த மாணவர், எங்கள் கழகத்தில் சேர அழைக்கிறோம், கட்டணம் இவ்வளவு" என்று கடிதம் வந்தால், பணம் கட்டுமுன் உங்கள் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். விருதுக்குப் பணம் கட்டுவது விருது பெறுபவர் வேலை அல்ல.

படிப்பிப்பவர்களுக்குச் சிறந்த ஆசிரியர் விருது உண்டு. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்திலும் கேப்டவுனிலும் இதற்கு நல்ல மதிப்பு. ஆராய்ச்சிக்குத் துணைவேந்தர் பெயரால் விருதுகள், நூலுக்குத் தனிப் பரிசு, நீண்ட காலச் சாதனைக்கு ஃபெலோ என்ற தகுதி. ஓய்வு பெற்றபின் எமெரிட்டஸ் பேராசிரியர். அலுவலகத்திலும் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்பவர்களுக்கும் விருதுகள் இருக்கின்றன; அவற்றுக்குப் பரிந்துரை எழுதத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை.

என்.ஆர்.எஃப். ரேட்டிங் என்பது விருது அல்ல, ஆனால் இங்கே அதை விருது போலவே சுமந்துகொண்டு திரிவார்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர்களைத் தரம் பிரிக்கிறது. ஏ என்றால் உலக அளவில் முன்னணியில் நிற்பவர், பி என்றால் உலக அளவில் கணிசமான மதிப்புப் பெற்றவர், சி என்றால் நிலைபெற்ற ஆய்வாளர். இளையவர்களுக்கு பி-யும் (P) ஒய்-யும் (Y) தனியாக உண்டு. இந்தப் பி ஆங்கிலத்தில் வேறு எழுத்து, தமிழில் எழுதும்போது நமக்கு இந்தத் தலைவலி. கடந்த எட்டு ஆண்டுகளில் நீங்கள் செய்ததை வெளியாட்கள் படித்து மதிப்பிடுவார்கள். விண்ணப்பம் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகம் வழியாகத்தான் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் மாதமே அந்த அலுவலகத்துக்குப் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவது நல்லது.

வெளியாட்களுக்கு, அதாவது அங்கே வேலையும் செய்யாத, படிக்கவும் செய்யாத ஒருவருக்குத் தரக்கூடிய மிகப்பெரிய மரியாதை கௌரவ டாக்டர் பட்டம். சட்டம், இலக்கியம், அறிவியல், சமூக அறிவியல் என்று துறையைச் சொல்லித் தருவார்கள். இதையும் உழைத்து வாங்கிய பட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. நவி பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் கிளேர்வுட்டில் 1941-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பேருந்து ஓட்டுநரின் மகள். அவர் கல்லூரிக்குப் போக நம் சமூகத்தார் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பி.ஏ., 1965-இல் சட்டம். 1988-இல் ஹார்வர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம். அது அவர் ஆய்வு செய்து பெற்றது. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார். ரோட்ஸ் பல்கலைக்கழகமும் டர்ஹாமும் தந்தவை கௌரவப் பட்டங்கள். இரண்டு வகைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றின் வேலையைக் கேட்க முடியாது. கௌரவப் பட்டத்தை வைத்துக்கொண்டு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

விதியைப் படியுங்கள், பிறகு பேனாவை எடுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கௌரவப் பட்டத்துக்கென்று விதி வைத்திருக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் பார்க்க வேண்டியவை: யார் பரிந்துரைக்கலாம், கடைசித் தேதி எது, யாருக்குத் தர மாட்டார்கள். பல இடங்களில் அங்கேயே வேலை பார்ப்பவருக்கும் பதவியில் இருக்கும் அரசியல்வாதிக்கும் கொடுப்பதில்லை. சில இடங்களில் பொதுமக்கள் யாரும் எழுதலாம். சில இடங்களில் ஆசிரியரோ கான்வொகேஷன் உறுப்பினரோ கையெழுத்திட வேண்டும். அங்கே படித்த ஒருவரைச் சங்கத்தில் தேடிப் பிடியுங்கள். நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004-இல் இணைந்துதான் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது; சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெஸ்ட்வில்லில் படித்த அங்கிள்களுக்குப் பஞ்சமா?

மறைந்தவருக்குத் தருவார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆர்ச்சி மஃபேஜே கதையை இங்கே எல்லாப் பல்கலைக்கழக வாசிகளும் அறிவார்கள். 1968-இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் அவரை மானிடவியல் துறையில் மூத்த விரிவுரையாளராக நியமித்தது. அரசாங்கம் மிரட்டியதும் நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கறுப்பர் என்பதுதான் காரணம். மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்து உட்கார்ந்து போராடினார்கள். 2003-இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது அவர் பதிலே எழுதவில்லை. 2007-இல் இறந்தார். மறு ஆண்டு, இறந்தபின், பட்டம் கொடுத்தார்கள். உங்கள் பெரியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டதென்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயம், நம் ஆட்களுக்கு இது மிகக் கடினம்: இரகசியம். கௌரவப் பட்டப் பரிந்துரை வெளியே தெரியக் கூடாது. பரிந்துரைக்கப்படுபவருக்கே தெரியக் கூடாது என்றுகூடப் பல இடங்களில் விதி. காரணம் எளிது. கிடைக்கவில்லையென்றால் அவருக்கு அவமானம். கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்களோடு பகிர்ந்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கக் கூடாது. இரண்டே பேருக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் எழுதுபவர், இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு பழைய காகிதங்களைத் தேடித் தருபவர்.

ஆசிரியர் விருதில் நிலைமை நேர்மாறு. அங்கே உங்கள் கோப்பை நீங்களே தயாரிக்க வேண்டும். "நம்மை நாமே புகழ்ந்துகொள்வதா? நிறைகுடம் தளும்பாது சார்" என்று இளம் விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் கூச்சப்பட்டார். தளும்பாத குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று குழுவுக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறந்து காட்டத்தான் வேண்டும். முதல் நாளிலிருந்தே ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் கருத்துப் படிவங்கள், உங்கள் வகுப்பை வந்து பார்த்த சக ஆசிரியரின் குறிப்பு, பாடத்திட்டத்தில் எதை ஏன் மாற்றினீர்கள், மாற்றியபின் தேர்ச்சி எப்படி ஆனது, தோற்றுப்போன முயற்சி எது. கடைசியில் சொன்னதைப் பலரும் மறைப்பார்கள். மறைக்காதீர்கள். தோற்ற இடத்தைச் சொல்லி, அதிலிருந்து என்ன மாற்றினோம் என்று எழுதும் கோப்பை நான் குழுவில் இருந்தபோது நம்பிப் படித்திருக்கிறேன். எல்லாம் வெற்றி என்று சொல்லும் கோப்பை இரண்டாம் பக்கத்திலேயே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஆதாரம், ஆதாரம், ஆதாரம்

என் முதல் கௌரவப் பட்டப் பரிந்துரை எப்படித் தோற்றது என்று சொல்கிறேன். பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சாட்ஸ்வொர்த்தில் நாற்பது வருடத்துக்கு மேல் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடத்தியவர். வீட்டில் தமிழ் போய்விட்ட மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகளைத் தேவாரம் படிக்கவும் எழுத்துக்கூட்டவும் வைத்தவர். சம்பளம் இல்லை. நான் உணர்ச்சிவசப்பட்டு, ஊரில் வாழ்த்துமடல் எழுதும் நடையில் எழுதி, அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். 'தமிழன்னையின் தவப்புதல்வர்' என்பதை ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, அவருடைய தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், ஒப்பந்தக் கூலிப் பதிவு எண் என்ன என்று ஒரு பக்கம். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர் என்று வரலாற்றுப் பாடம் வேறு. பெரியவர் என்ன செய்தார் என்பது அரைப் பக்கம்தான்.

இரண்டு வரியில் பதில் வந்தது: பரிசீலித்தோம், இந்த ஆண்டு இயலவில்லை. காரணம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். பிறகு வேறொரு குழுவில் நானே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. குழுவில் இருப்பவர்கள் ஜூலு பேசுபவர், ஆங்கிலம் பேசுபவர், பொறியியல்காரர், மருத்துவர். அவர்களுக்கு நம் பெரியவரைத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் மனதுக்குள் கேட்பது ஒரே கேள்வி: இது உனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை தேடலில் இறங்கினோம். பெரியவரின் மருமகள், நான் மேலே சொன்ன வாயை மூடிய ஆள், கராஜிலிருந்து எட்டு நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்தார். வகுப்பு வருகைப் பதிவேடுகள். பிள்ளைகளின் பெயர், தேதி, அன்று என்ன பாடம் என்று நீல மையில். கோயில் கமிட்டி நிகழ்ச்சிக் குறிப்பில், வகுப்புக்கு அறை ஒதுக்கிய தீர்மானம். அவர் கையால் எழுதித் தட்டச்சு செய்து ரோனியோ நகல் இயந்திரத்தில் உருட்டிய பாடப் புத்தகம். பழைய மாணவர்களின் கடிதங்கள். இந்த எட்டு நோட்டுக்கு முன்னால் என் அலங்கார நடை எல்லாம் தூசு.

உங்கள் பெரியவருக்கும் இப்படித்தான் தேட வேண்டும். கோயில், பள்ளி, சங்கம் ஆகியவற்றின் கூட்டக் குறிப்புகள், ஆண்டு மலர்கள், நாளிதழ் நறுக்குகள், நிகழ்ச்சி நிரல்கள். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாறு பற்றிய ஆவணங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். தமிழில் உள்ளதை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தையும் இணையுங்கள். பெயர்ப்பில் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது.

எழுதும் முறை

முதல் பத்தியிலேயே அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். எங்கே பிறந்தார் என்பது பிறகு. அவர் செய்யாமல் இருந்திருந்தால் எது இல்லாமல் போயிருக்கும் என்பதைச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. 'அரும்பணி', 'ஈடிணையற்ற', 'தன்னலமற்ற' போன்றவற்றை எழுதித் தீர்த்துவிட்டு, மறுநாள் காலையில் அத்தனையையும் அடித்துவிடுங்கள். அவை இருந்த இடத்தில் தேதியும் எண்ணிக்கையும் வந்து உட்காரட்டும்.

அவருடைய பணி ஏன் நாட்டுக்கே பொருட்படுவது என்று ஒரு பத்தி வேண்டும். தமிழ்ப் பணி என்றால் வழி இருக்கிறது: 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய சமூக மொழிகள் என்று பட்டியலிடும் இடத்தில் தமிழின் பெயரும் இருக்கிறது. "எங்கள் மொழி தொன்மையானது" என்பதைவிட "நாட்டின் அரசியலமைப்பு செய்யச் சொன்னதை இவர் சம்பளமின்றிச் செய்தார்" என்பது அந்த அறையில் எடுபடும்.

மிகைப்படுத்தாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஹாமில்டன் நாக்கிதான் காரணம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, பிறகு விலங்கு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகி, அறுவைச் சிகிச்சை நுணுக்கங்களை மருத்துவர்களுக்கே கற்றுத்தரும் அளவுக்குத் தேர்ந்தவர். முறையான படிப்பு மிகக் குறைவு. 2002-இல் மபுங்குப்வே ஆணை என்ற தேசிய விருது, 2003-இல் பல்கலைக்கழகத்தின் கௌரவ முதுநிலைப் பட்டம். 2005-இல் அவர் இறந்தபோது, 1967-இல் நடந்த உலகின் முதல் இதய மாற்று அறுவையிலேயே அவர் பங்கேற்றார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அது உண்மையல்ல. லண்டனின் எக்கனாமிஸ்ட்டும் நியூயார்க் டைம்ஸும் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அதன்பின் அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அந்தத் திருத்தம்தான் முன்னால் வருகிறது. அவர் உண்மையில் செய்ததே மலைக்க வைப்பது. அன்பின் பேரில் ஒட்டவைத்த ஒரு பொய் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் பெரியவர் சிறைக்குப் போகவில்லையென்றால் போகவில்லை. நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் வகுப்பு நடத்தினார் என்றால் அதையே எழுதுங்கள்.

துணைக் கடிதம் எழுதுபவர்களைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் தவறு, பெரிய பெயர்களைத் தேடுவது. எம்.பி., தூதரக அதிகாரி, தொழிலதிபர். அவர்கள் நான்கு வரி எழுதித் தருவார்கள். அந்த நான்கு வரியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அவரிடம் படித்து இன்று செவிலியராக இருப்பவர், அவருடைய பாடநூலை ஆராய்ந்த கல்வியாளர், அவரோடு கருத்து மாறுபட்டும் மதிக்கும் ஒரு சக ஆசிரியர், இந்த மூவர் எழுதினால் கனம். குடும்பத்தார் வேண்டாம்.

அனுப்பிய பிறகு

பரிந்துரை பதிவாளர் அலுவலகம் வழியாகக் கௌரவப் பட்டக் குழுவுக்குப் போகும். குழுவிலிருந்து செனட், அங்கிருந்து கவுன்சில். செனட் கல்வி விவகாரங்களைப் பார்க்கும் அவை, கவுன்சில் பல்கலைக்கழகத்தையே ஆளும் அவை. வேந்தரைப் போய்ப் பார்த்தால் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே வேந்தர் விழாவில் தொப்பி வைத்துப் பட்டம் அளிப்பவர். நிர்வாகம் துணைவேந்தர் கையில், அவரும் இதில் ஒரு குரல்தான். போன் போட்டுக் கேட்பது, தெரிந்தவரை வைத்துச் சொல்லச் சொல்வது எல்லாம் கேடாய் முடியும். மாதங்கள் ஆகும். பேசாமல் இருங்கள்.

மறுத்துவிட்டால்? அடுத்த ஆண்டோ, விதி அனுமதிக்கும் ஆண்டிலோ, கோப்பை மெருகேற்றி மீண்டும் அனுப்பலாம். வேறு கதவுகளும் உண்டு. தேசிய ஆணைகள் எனப்படும் நாட்டின் விருதுகளுக்குப் பொதுமக்கள் யாரும் பெயர் அனுப்பலாம். கலை, இலக்கியம், விளையாட்டு என்றால் இக்காமங்கா, சமூக சேவை, மருத்துவம், அறிவியல் என்றால் பாவோபாப், மக்களாட்சி, மனித உரிமைப் போராட்டம் என்றால் லுத்துலி.

விலைக்கு வரும் டாக்டர் பட்டம்

ஒரு நாள் உங்கள் பெரியவருக்குப் பளபளவென்று ஒரு கடிதம் வரும். ஏதோ ஓர் உலகப் பல்கலைக்கழகம், ஏதோ ஒரு சர்வதேச மன்றம், அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்திருக்கிறது, விழாச் செலவுக்கு இவ்வளவு அனுப்பவும். கிழித்துப் போடுங்கள். ஊரிலும் இது நடக்கிறது: 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு திரையுலகப் பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்து, விவகாரம் காவல்துறைக்குப் போனது. இடம் உண்மையாக இருந்தால் பட்டமும் உண்மையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகம் என்று பெயர் போட்டுக்கொண்ட நிறுவனம் பதிவு பெற்றதா என்று உயர்கல்வித் துறையிடம் கேட்கலாம்; பட்டங்களைச் சரிபார்ப்பது சாக்கா எனப்படும் தகுதி ஆணையம். பொய்ப் பட்டத்தை உண்மை என்று காட்டிக்கொள்வது 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. உண்மையான கௌரவப் பட்டம் பெற்றவர்கூடத் தொழில் இடத்தில் பெயருக்கு முன் 'டாக்டர்' போட்டுக்கொள்ளாமல் இருப்பதே மரபு. கோயில் திருவிழா நோட்டீஸில் எல்லாப் பெயருக்கும் முன்னால் டாக்டர் போடும் நம் வழக்கத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிரசுக்காரர் எழுத்துக்குக் காசு வாங்கினால் ஒருவேளை குறையும்.

பெயர் நிற்க இன்னொரு வழி

பட்டம் கிடைக்காவிட்டாலும் பெரியவர் பெயரில் ஓர் ஆண்டுப் பரிசு ஏற்படுத்தலாம். குடும்பமும் சங்கமும் சேர்ந்து ஒரு தொகையைப் பல்கலைக்கழக அறக்கட்டளையில் வைத்தால், அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குப் பரிசு போகும். அறக்கட்டளை 18ஏ சான்றிதழ் தரும் நிலையில் இருந்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை நன்கொடைக்குக் கழிவு உண்டு. கொடுப்பதற்கு முன் நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பரிசு யாருக்கு, எந்தப் பாடத்துக்கு, தொகை போதாமல் போனால் என்ன செய்வது.

எம். எல். சுல்தான் இதன் பெரிய வடிவம். கொல்லத்துப் பக்கத்திலிருந்து 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ரயில்வேயில் உழைத்து, வியாபாரம் செய்து, சேர்த்த பணத்தைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். அந்தக் கல்லூரி 2002-இல் டெக்னிக்கான் நேட்டாலுடன் இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் ஒரு வளாகத்துக்கு இன்றும் அவர் பெயர்.

விழா நாள்

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விருந்தினர் சீட்டு மிகக் குறைவாகவே தருவார்கள். ஊரையே கூட்டிக்கொண்டு போக முடியாது. அங்கியும் தொப்பியும் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்யும், அளவை முன்கூட்டியே அனுப்புங்கள். மேடையில் அவரைப் பற்றிய பாராட்டுரை வாசிக்கப்படும். நகல் முன்பே வந்தால் பெயர் உச்சரிப்பை எழுதிக் கொடுங்கள், 'ழ' வரும் பெயராக இருந்தால் கட்டாயம். அவரையும் பேசச் சொல்வார்கள். முன்னால் இருப்பவர்கள் பட்டம் வாங்க வந்த பிள்ளைகள், பின்னால் ஜூலு அம்மாக்கள் மகள் பெயர் வரும்போது குலவையிடக் காத்திருப்பார்கள். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்.

நம் சனிக்கிழமைப் பெரியவருக்கு டாக்டர் பட்டம் வரவில்லை. இரண்டாவது கோப்பைப் படித்த வேறொரு நிறுவனம் சமூகப் பணிக்கான ஒரு விருதைப் பட்டமளிப்பு மேடையிலேயே கொடுத்தது; அந்த எட்டு நோட்டுகளை ஆவணமாக வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். கமிட்டிக்காரர்கள் பொன்னாடையோடு மேடையேறப் பார்த்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பொன்னாடையை வெளியே புல்வெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கும் நேரத்தில். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏப்ரல் மாதத்து வெயில், கழுத்து வரை அங்கி. பெரியவர் பொன்னாடையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலேயா தம்பி?" என்றார். அங்கியைக் கழற்றிவிட்டுப் போர்த்தினோம்.